ரெண்டு இருபது

ஜூன் மாதம், தடைக்காலம்.
போட்டு தேங்காய்ப்பட்டணத்தில் கட்டிக் கிடந்தது.
அதனால்தான் முதல் நாள்
நானே கொண்டுவிட முடிந்தது.
மழை. ஒரே குடை.
அவள் நனையவில்லை, பை நனைந்தது.
அழுவாள் என்று
மூணு மிட்டாய் வாங்கி வைத்திருந்தேன்.
"போயிற்று வாங்க அப்பா, மூணரைக்குத்தான் மணி"
என்றார் சிஸ்டர் பெனிட்டா.
அக்சிலியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
எதிர்க்கடையில் நின்று
மூணையும் நானே தின்றேன்.

சிலுவை போட இடது கையைத் தூக்குவாள்.
சிஸ்டர் வலது மணிக்கட்டில்
சிவப்பு ரப்பர் வளையம் ஒன்று மாட்டினார்.
ஆகஸ்டில் நான் கடலுக்குப் போகும் ராத்திரி
அதைக் கழற்றி என் கையில் போட்டாள்:
"மறந்துபோவும் உங்களுக்கு."
பத்தாம் நாள், சூரைக்குப் போட்ட தூண்டில்கயிற்றை
இழுக்கும்போது அறுந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
அன்றைக்குச் சாப்பிடும்முன்
எந்தக் கை என்று ஒரு கணம்
நின்றேன், உள்ளபடியே.

அப்போது அவளுக்கு
இருபது வரைதான் எண்ணத் தெரியும்.
எங்கள் போக்கு நாற்பது நாள்.
"ரெண்டு இருபது கழிஞ்சா அப்பா வரும்."
கதவுக்குப் பின்னால் சாக்பீஸ் கோடுகள்.
மீன் படாமல்
ஒரு தடவை ஏழு நாள் கூடிப்போயிற்று.
அந்த ஏழை எங்கே போடுவது என்று தெரியாமல்
சாக்பீசைப் பிடித்தபடியே தூங்கினாளாம்,
பிரைசி சொன்னாள்.
அடுத்த வாரம் வகுப்பில் கூட்டல்.
கூட்டல் என்றால்
அப்பா வரப் பிந்துவது.
அப்படித்தான் புரிந்துகொண்டாள்,
எல்லாக் கணக்கும் சரி.

நான் கரையில் இருந்த ஒரு ராத்திரி
செபம் சொல்லிக்கொண்டு வந்தவள்
பாதியில் நிறுத்தினாள்.
"அனுதினம்னா?"
தினமும், மக்களே.
"பின்னே ஆண்டவர் உங்களுக்கு மட்டும்
ரெண்டு இருபதுக்கு ஒருக்கா தாறது எதுக்கு?"
பிரைசி சிரித்து
மீன்சட்டியைக் கீழே வைத்தாள்.
எனக்குப் பதில் தெரியவில்லை.
சிஸ்டரிடம் கேட்கச் சொன்னேன்.
சிஸ்டர், அப்பாவிடம் கேள் என்றாராம்.

பக்கத்து இடம் ஷிபினுக்கு.
அவன் அப்பா போன போட்டில்
ஒன்பது பேர்.
அக்டோபருக்குப் பிறகு
அவன் எண்ணுவதில்லை.
இதை யாரும் பாடமாக நடத்தவில்லை.
ஆனாலும் முப்பத்தொரு பிள்ளைகளும்
அவன் முன்னால் 'எங்கப்பா' என்று
தொடங்காமல் இருக்கப் படித்திருந்தார்கள்.
டிசம்பரில் குடில் வைத்தபோது
ஆடுகளுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவே
காகிதத்தில் மடித்த வள்ளம் ஒன்றைக்
கொண்டு வைத்தான்.
பெத்லகேமில் கடல் இல்லை என்று ஒருத்தி எழும்பினாள்.
"இருக்கட்டு" என்றார் சிஸ்டர்.
ராஜாக்கள் மூணு பேரும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.
ஜனவரியில் குடிலைப் பிரித்த பின்னும்
வள்ளம் ஜன்னல் படியில் இருந்தது.
நான் பார்த்தேன்.

ஏப்ரலில் மதிப்பெண் அட்டை.
'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில்
ததேயுஸ் என்று எழுதினேன்.
"தே-க்குக் கொம்பு நீட்டணும் அப்பா,
இது தெ."
முப்பத்திமூணு வருஷமாய் நான்
ததெயுஸாக இருந்திருக்கிறேன்.
அழித்து, அவள் விரல் பிடித்த இடத்தில்
மறுபடி எழுதினேன்.

வருகைப் பத்தியில்
பதினொரு நாள் குறைந்தது.
சிஸ்டர் ஏன் என்று கேட்கவில்லை.
எந்தப் பதினொன்று என்று எனக்குத் தெரியும்:
துறைமுகத்தில் ஐஸ்பெட்டி மேல் உட்கார்ந்து
கால் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது நூறு வரை
தடவாமல் எண்ணுவாள்.
எல்லாரும் கைதட்டினார்கள், நானும்தான்.
முதலாளி நேற்று வந்து
இந்தத் தடவை ஓமான் பக்கம் போகலாம் என்கிறான்,
அறுபது நாள், எழுபது ஆனாலும் ஆகும்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
அத்தனை எண் அவளிடம் இருக்கிறது
என்பதுதான்
கொஞ்சம் பயமாக இருக்கிறது.