முப்பது நாள் இலவசம்

அறை பத்துக்கு எட்டு.
கட்டில் போக, பீரோ போக,
மூலையில் துருத்திக்கொண்டிருக்கும் தூண் போக
எங்கள் ரயில்வேக்குக் கிடைத்தது
ஆறடி நீளம், இரண்டே முக்கால் அடி அகலம்.
கீல் வைத்த ஒட்டுப்பலகை.
பகலெல்லாம் சுவரோடு சாய்ந்து நிற்கும்.
இரவு ஒன்பதுக்கு மேல்தான்
அது ரயில்வே கோட்டம்.

முதல் மென்பொருளை இறக்கியவன் எபினேசர்.
வரையத்தான் தெரியும் அதற்கு, ஓட்டத் தெரியாது.
தண்டவாளத் துண்டுகள் வகை வகையாய்,
எல்லாம் ஜெர்மன் பெயரில்.
தூணைச் சுற்றி ஒரு வளைவு போட்டேன்.
சிவப்புக் கோடு விழுந்தது:
வளைவு போதாது, வண்டி கவிழும்.
தூணை நகர்த்தச் சொல்லி
வீட்டுக்காரம்மா செங்கேணியிடம்
யார் போய்க் கேட்பது?
ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்,
பலகையை அறுப்பதற்கு முன்பே சொன்னது.
ஆயிரத்து நூறு ரூபாய்ப் பலகை.

இரண்டாவதற்கு ஓட்டவும் தெரிந்தது.
முப்பது நாள் இலவசம், பிறகு மாதாமாதம் டாலர்.
திரையில் மரம் அசையும்,
எஞ்சின் மேல் வெயில் நகரும்.
நான் கண்டெய்னர் யார்டில் கணக்கெழுதுபவள்,
பெட்டி எண், வந்த நேரம், போன நேரம்.
பளபளப்பைப் பார்த்தால்
கட்டணம்தான் முதலில் கண்ணில் படும் எனக்கு.
எங்கள் பழைய மடிக்கணினியோ
ஜுரம் கண்ட பிள்ளை மாதிரி கொதித்தது.

பதினோராம் நாள் கால அட்டவணை போட்டோம்.
கும்மிடிப்பூண்டி லோக்கல், காலி ரேக்,
எண்ணூருக்குப் போகும் நிலக்கரி.
நிலக்கரி வண்டி
கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கும் என்று எழுதினேன்.
இருபது நிமிடம்.
மஞ்சள் முக்கோணம் வந்தது:
காரணமற்ற நிறுத்தம்.
சரிசெய்யட்டுமா என்று கேட்டது.
பதில் சொல்வதற்குள் செய்தும்விட்டது.
வண்டி நிற்காமல் போனது,
கேட் உயர்ந்தது,
நாற்பது விநாடியில் சாலை காலி.

எபினேசர் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்த இருபது நிமிடத்தில்
நான் பூண்டு உரித்திருக்கிறேன்,
கரண்ட் பில் கட்டியிருக்கிறேன்,
ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே
ஒரு வேலையை விட்டிருக்கிறேன்.
இவன் என்னைக் கேட்டதும் அங்கேதான்,
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு.
நான் வாய் திறக்க, கேட்டும் திறந்துவிட்டது.
பின்னால் அத்தனை பேரும் ஹாரன்.
மறுநாள் அதே கேட்டில்தான்
மீதியைச் சொல்லி முடித்தேன்.

பதினேழாம் நாள் கரண்ட் போய் வந்தது.
இருட்டில் எங்கள் இன்பா
நிலக்கரி வண்டியைக் கையால் தூக்கி
லோக்கல் போகும் தடத்தில் வைத்திருந்தாள்.
மென்பொருளுக்கு எல்லாம் தெரியும் அல்லவா,
யாரையும் கேட்காமல் லோக்கலைக் கிளப்பியது.
இரண்டு பெட்டி தரையில்.
ஒன்றின் கொக்கி இன்றுவரை கிடைக்கவில்லை.

மூன்றாவது சாம்பல் நிற ஜன்னல்.
உதவிப் பக்கத்தில் எழுத்துப்பிழை.
யாரோ ஒருத்தர் வேலைவிட்டு வந்து
கால் நீட்டியபடி எழுதியிருக்க வேண்டும்.
மரமும் இல்லை, வெயிலும் இல்லை.
தூணை ஒரு கட்டமாக வரைய விட்டது.
கரண்ட் வந்ததும் கேட்டது:
வண்டிகள் எங்கே நிற்கின்றன?
பார்த்துச் சொல்லவும்.
டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னோம், மூவரும் குனிந்து.
நிறுத்தத்துக்குக் காரணம் என்ற இடத்தை
காலியாகவே விட்டேன்.
பேசாமல் ஏற்றுக்கொண்டது.

நான்காம் பாயிண்ட் இன்னும்
பாதியில் திரும்பிப் பாதியில் நிற்கிறது.
அது கம்பியின் குற்றமா, என் குற்றமா, தெரியவில்லை.
நேற்று இரவு
நான் இருபது என்று அடித்ததை அழித்து
எபினேசர் இருபத்தைந்து என்று போட்டான்.
"மழை வந்தா?" என்றாள் இன்பா.
அதற்குக் கட்டம் எதுவும் இல்லை.
அடியில் குறிப்பு என்று ஒரு கோடு இருந்தது,
அதில் எழுதி வைத்தோம்:
மழை வந்தால் சொல்ல முடியாது.