நூற்றுப்பத்தின் வழியே போனவை

ஹம்ரியாவில் எங்கள் ஆபீஸ் ஒரு பழைய கண்டெய்னர்.
ஏசி நின்றால் ரூட்டர் முதலில் சாகும்,
அப்புறம்தான் நாங்கள்.
நங்கூரத்தில் நிற்கும் கப்பல்களுக்குப் போகும்
தண்ணீர், டீசல், வெங்காயம்
மூன்றுக்கும் கணக்கு நான்.
கம்ப்யூட்டர் வேலை யாரும் கொடுக்கவில்லை.
தெரியும் என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தேன்.

ஜூலையில் போன் செய்தார் மச்சாது.
மணப்பாட்டுக்காரர், மர்ஜான் ஏழின் இரண்டாம் இன்ஜினியர்.
கரைக்கு நாலு மைலில் ஒன்பது மாதம்.
முதலாளி போனை எடுப்பதில்லை.
“மெயில் போகமாட்டேங்குது தங்கச்சி.
அவுட்பாக்ஸ்ல நாப்பத்தோரு கடுதாசி
எங்கள மாதிரியே நிக்குது.”

செட்டிங்ஸைப் படிக்கச் சொன்னேன்.
எழுத்துக்கூட்டினார்:
அனுப்பும் சர்வர், போர்ட் இருபத்தைந்து.

அது சர்வரோடு சர்வர் பேசும் வாசல்.
யார் நீ என்று கேட்காத காலத்தில் திறந்தது.
யார் யாருக்கோ லாட்டரி விழுந்த சேதியெல்லாம்
அதன் வழியே கொட்டியதில்
நெட் கம்பெனிக்காரர்கள் நமக்கு அடைத்துவிட்டார்கள்.
நாம் போக வேண்டியது ஐந்நூற்று எண்பத்தேழு.
அங்கே பேர் சொல்லணும், பாஸ்வேர்டு சொல்லணும்,
பூட்டிய பைக்குள் வைத்துத்தான் எதையும் நீட்டணும்.

“போர்ட்டுன்னா துறைமுகத்துக்கும் அதே பேர்தான?”
“ஆமாண்ணே.”
“கம்ப்யூட்டருக்கு அப்படி எத்தன?”
“அறுபத்தஞ்சாயிரத்துச் சொச்சம்.”
லைனில் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
“எங்களுக்கு ஒண்ணு கிடைக்கல.”

ஐந்து. எட்டு. ஏழு.
நாற்பத்தொன்றும் ஒரே மூச்சில் போயின.
முதல் கடிதத்தின் தேதி நவம்பர்.

பதில் இல்லை.
திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை.
தூதரகம் எழுதவில்லை. யூனியனும் எழுதவில்லை.
“படிச்சிட்டுப் போட்டிருப்பாவ” என்றார்,
எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

புதன் ராத்திரி, அவரிடமே கேட்டு வாங்கி,
அந்த மெயில் பெட்டியின் வருகைப் பதிவைத் திறந்தேன்.
பதினைந்து நிமிஷத்துக்கு ஒருதரம்
யாரோ வந்து போகிறார்கள். நூற்றுப்பத்தில்.
ராத்திரி இரண்டரைக்கும்.
பெருநாள் அன்றும்.
வரும் இடம் சிட்டகாங்.

நூற்றுப்பத்து அப்படித்தான்:
வந்ததையெல்லாம் மூட்டை கட்டிக் கையில் தந்துவிட்டு
பெட்டியைத் துடைத்துவைத்துவிட்டுப் போகும்.
ஒரு நகல் இங்கே இருக்கட்டும் என்று
சின்னக் கட்டத்தில் டிக் போட்டிருக்க வேண்டும்.
போடவில்லை, பிப்ரவரியில் இறங்கிப் போன கேப்டன்.
லேப்டாப் அவருடைய சொந்த லேப்டாப்.

திருடன் இல்லை அவர்.
மச்சாது போன் போட்டதும் பதறினாராம்.
மகன் விளையாடுகிற லேப்டாப் அது,
மெயிலைத் திறந்தே மாதங்கள் ஆயிற்று.
மறுநாள் பதினேழு கடிதங்கள் திருப்பி அனுப்பினார்.
ஒன்று மார்ச் மாதத்தியது,
மாலுமிகள் நல அலுவலகம் ஒன்றிலிருந்து:
உங்கள் கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டோம்.
உதவி வேண்டுமென்றால் எழுதவும்.
பதில் வராவிட்டால்
தேவையில்லை என்று எடுத்துக்கொள்வோம்.

அதை அவர் போனில் படித்துக் காட்டினார்.
படித்துவிட்டு, “இன்னிக்கு என்ன தேதி?” என்றார்.

பாஸ்வேர்டை மாற்றினோம்.
வருவதற்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று வைத்தோம்.
இனி யார் படித்தாலும் கடிதம் இருந்த இடத்தில் இருக்கும்.
சிட்டகாங்கில் ஏதோ ஒரு திரை
பாஸ்வேர்டு தவறு, பாஸ்வேர்டு தவறு என்று
விளையாட்டை மறித்துக்கொண்டிருக்கும்.

தேவை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.
அது போய்ச் சேர்ந்தது வரைக்கும் எனக்குத் தெரியும்.

கண்டெய்னர் வாசலில் நின்றால்
புழுக்கம் இல்லாத நாளில் மர்ஜான் ஏழு தெரிகிறது.
நேற்றுத் தண்ணீர்ப் படகில்
வெங்காயம் இரண்டு மூட்டை அதிகம் போனது.
கணக்கில் வராது.