பதினேழு மில்லிமீட்டர்

சென்னிமலை ரோட்டோரம் பறித்த ஆவாரை இலை.
மூன்று தண்ணீரில் அலசி
அறுபது டிகிரியில் இருபது நிமிடம்.
கஷாயம் தேன் நிறத்துக்கு வந்ததும்
துத்தநாக உப்பு, சொட்டுச் சொட்டாக.
கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது.
பிறகு பால் திரிவது போலத் திரியும்.

உலையில் நானூறு டிகிரி, இரண்டு மணி நேரம்.
நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து.
போன மாதம் இரண்டு தடவை முதலிலிருந்து.
சூட்டில் மஞ்சள், ஆறினால் வெள்ளை.
மடித்துக் கொடுத்தால்
பழனித் திருநீறென்று பூசிக்கொள்வார்கள்.

கோயமுத்தூரில் காசு கட்டி எடுத்த படத்தில்
பொரி சிந்திய மாதிரி இருந்தது.
துகள் ஒன்று முப்பது நானோமீட்டர்.
நிட்டிங் மிஷின் ஓட்டும் அண்ணனிடம்
நாற்பதாம் நம்பர் நூலின் குறுக்கே
ஐயாயிரம் பேர் தோளோடு தோள் நிற்கலாம் என்றேன்.
"அப்ப நூலே அதுக்கு நாலுவழிச் சாலை" என்றான்.

அகார் தட்டில் கிருமியை மெழுகி
நடுவே குழிவெட்டித் தூளை வைத்தோம்.
மறுநாள் காலை
குழியைச் சுற்றி வெட்டவெளி,
கூட்டிவிட்ட களம் போல.
ஸ்கேல் வைத்தேன்: பதினேழு மில்லிமீட்டர்.
ஹசீனா வைத்தாள்: பதினேழு.
கேண்டீனில் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி.
அது சீழ்க்கிருமிக்கு.
குடல்கிருமிக்கு ஒன்பதுதான்.
பஜ்ஜி தின்னும்போது ஒன்பதைப் பேசவில்லை.

திருப்பூரில் சாக்ஸ் கம்பெனி கனகசபாபதி
சாம்பிளை மோந்து பார்த்துக் கேட்டார்:
"நாத்தமே வராதுங்களா அம்மிணி?"
குறையுமுங்க.
"லேபிள்ல மூலிகை, நஞ்சில்லாததுன்னு போட்ரலாமுங்களா?
ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ!"
அரளியும் இலைதானுங்க என்றேன்.
சிரித்தார்.
அவர் காம்பவுண்டு ஓரம்
அரளி சிவப்பாகப் பூத்திருந்தது.

இலை செய்தது
உப்பைத் துகளாக்கியதும்
அது பெருத்துவிடாமல் அணைத்துப் பிடித்ததும்.
உள்ளே இருப்பது துத்தநாகம்.
அது ஒரு தோலைக் கிழிக்கும்போது
யார் வீட்டுத் தோலென்று விசாரிப்பதில்லை.

மனிதத் தோல் செல்களுக்கு
ஓரளவு வரை ஒன்றும் ஆகவில்லை.
அளவு கூடியபோது சுருங்கின.
எந்த இடத்தில் கூடியது என்பதற்கு
என் நோட்டில் மூன்று வேறு எண்கள்.

நீர்த்தெள்ளு இருபதை பீக்கரில் விட்டேன்.
நாற்பத்தெட்டு மணி நேரம்.
பதினொன்று அடியில் கிடந்தன.
விரலால் தட்டினேன், எழவில்லை.
மிச்சம் ஒன்பதும் குதித்துக்கொண்டிருந்தன,
கண்ணாடி உடம்புக்குள்
நெஞ்சு துடிப்பது தெரியத் தெரிய.
அங்கேயும் ஒன்பது.

"அவ்வளவு தூள் ஆத்துக்கு எங்கம்மா போகப்போகுது"
என்றார் கைடு, கையெழுத்துப் போட்டபடி.
இருபது சலவைக்குப் பின்
சாக்ஸில் மிஞ்சியது முக்கால்.
போனது கால்.
இந்த ஊர் ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி பின்னும்?
பெருக்கினேன். அடித்தேன்.
நொய்யல் பாலத்தில் பஸ் நின்றபோது
மறுபடி பெருக்கினேன்.

கனகசபாபதிக்கு எழுதினேன்:
நஞ்சில்லாதது என்று போட வேண்டாம்.
இன்ன கிருமிக்கு, இன்ன அளவில்,
இத்தனை சலவை வரை என்று போடுங்கள்.
நீர் உயிர்களுக்கு இன்னும் பார்க்கவேண்டியிருக்கிறது
என்றும் ஒரு வரி.
போன் வந்தது.
"தப்பா நெனைக்காதீங்க அம்மிணி,
அவ்வளவுக்கு லேபிள்ல எடமில்லீங்."

சாம்பிள் சாக்ஸை நானே போட்டுக்கொண்டு
நான்கு நாள் பெருந்துறைக்குப் போய்வந்தேன்.
நிஜமாகவே நாற்றமில்லை.
ஐந்தாம் நாள் ஹாஸ்டலில்
பக்கெட்டில் ஊறப்போட்டு அலசிப் பிழிந்து
கொடியில் காயப்போட்டாயிற்று.
தண்ணீர் நிற்கிறது.
மோரிக்குள் ஊற்றப் போனேன், திரும்பினேன்.
வேப்பமரத்தடிக்குப் போனேன், திரும்பினேன்.

"யாருடி இந்தப் பக்கெட்டு?"
ஹசீனா கத்துகிறாள்,
குளிக்க நேரமாகிறது அவளுக்கு.