ஒன்பது மில்லிமீட்டர்

ஜூலை. புந்தா அரேனாஸில்
பத்து மணிக்குத்தான் விடிகிறது,
ஆறுக்குள் அதுவும் போய்விடும்.
பட்டறைத் தகரத்தைக் காற்று
பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது.

குழுத்தலைவி என்று என் பெயரை எழுதிய நாளிலிருந்து
ஸ்க்ரூடிரைவரை நான் கீழே வைக்கவில்லை.
அன்செல்மோ முறுக்கிய போல்ட்டை
அவன் கழிப்பறைக்குப் போனதும் கழற்றி
மறுபடி முறுக்கினேன்.
நன்றாகத்தான் முறுக்கியிருந்தான்.

இன்று ரோபோவின் கை உயர்ந்தது,
வளையத்தைத் தொடாமல் நின்றது.
ஒன்பது மில்லிமீட்டர் குறைவு.
குழாயை வெட்டியது நான்.

"போன செவ்வாயே அளந்தேன்"
என்கிறாள் ராயென்,
வயர்களிலிருந்து தலை தூக்காமல்.
"சொல்லவில்லையே?"
"சொன்னேன்.
நீ ரம்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாய்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது.

புதுக் குழாயை அவளிடம் நீட்டுகிறேன்.
மெதுவாக, எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக,
இரண்டு முறை அளக்கிறாள்.
பென்சிலைத் தேடுகிறாள்.
அது என் காதிடுக்கில் இருக்கிறது.

கொடுத்துவிட்டு
இரு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணிக்கிறேன்.
உள்ளே எப்போதோ விழுந்த ஒரு நட்டு.
அதை மட்டும்
உருட்டிக்கொண்டிருக்கிறேன்,
அவள் வெட்டி முடிக்கும்வரை.