ஓர் அங்குலத் தண்ணீர்

கட்டடமா பொருளா என்று
ஊராட்சி எழுத்தர் மூன்று முறை கேட்டார்.
சுவர் எத்தனை அடி உயரம்,
கூரை ஓடா சிமெண்டா.
படிவத்தில் காற்றுக்கென்று ஒரு கட்டம் இல்லை.
கடைசியில் 'இதர' என்று எழுதி
வரியைப் போட்டுவிட்டார்.

குப்பனூர்ப் பேருந்தில் நடத்துனர்
"பலூன்லாம் எறங்கு" என்கிறார்.
சேர்வராயன் மலை ஏறத் தொடங்கும் முன்
சாலையோரம் உப்பிக்கொண்டு நிற்கிறது
நாலாயிரம் மூட்டை ஜவ்வரிசியை
வயிற்றில் வைத்திருக்கும் வெள்ளைத் துணி.
தூண் இல்லை. உத்தரம் இல்லை.
செங்கல் ஒன்று உண்டு,
என் நாற்காலிக் காலுக்கு அண்டக் கொடுத்தது.

என் வேலை காற்றுக்குக் காவல்.
இரவு எட்டு முதல் காலை எட்டு.
ஊதும் விசிறி ஒன்று, மாற்று ஒன்று,
கரண்ட் போனால் ஜெனரேட்டர்,
கண்ணாடிக் குழாயில் மை கலந்த தண்ணீர்.
வெளியே இருக்கும் காற்றைவிட உள்ளே இருப்பது
ஓர் அங்குலத் தண்ணீரின் கனம் அதிகம்.
அவ்வளவுதான்.
தம்ளரில் குடித்து மிச்சம் வைக்கிற அளவு.
முதலாளி தனசேகரன் நம்பாமல்
ஸ்கேல் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்.

இரண்டு கதவு. ஒன்றைச் சாத்தாமல்
மற்றதைத் திறக்கக் கூடாது.
புதிதாய் வருகிறவர்கள் காதைத் தேய்த்துக்கொள்வார்கள்.
மாதேசன் தேய்ப்பதில்லை.
கிச்சிப்பாளையத்து அறையைக் காலி செய்துவிட்டு
ஆறு மாதமாய் மூட்டைகளுக்கு நடுவில்தான் குடித்தனம்.
பாய், டிரங்குப் பெட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி.
கண்ணாடி மாட்டத்தான் சுவர் இல்லை.
"நான் விடற மூச்சும் சேந்துதான் நிக்குது,
அதுக்கும் கூலி போடச் சொல்லுக்கா" என்பான்.

சித்திரையில் ஒரு ராத்திரி, கோடை மழை.
கொண்டை ஊசி வளைவுகளின் விளக்குகள்
மேலிருந்து ஒவ்வொன்றாய்ப் போயின.
பிறகு அயோத்தியாப்பட்டணம்.
பிறகு நாங்கள்.
விசிறி நின்றபோதுதான் தெரிந்தது
அது அத்தனை மாதமாய்ச் சத்தம் போட்டிருக்கிறது என்று.

ஜெனரேட்டர் இருமியது. நின்றது. இருமியது.
டீசல் இருக்கிறது. பேட்டரி இருக்கிறது.
குழாயில் மை இறங்குகிறது,
முக்கால், அரை.
கூரை விழவில்லை.
படுக்கப்போகும் எருமையைப் போல
முதலில் முன்பக்கம் மடிந்தது.
மழைத்தண்ணீர் பள்ளத்தில் சேர்ந்து
பள்ளத்தை இன்னும் பள்ளமாக்கியது.

"டேய், வெளிய வாடா!"
"நீ கதவத் தொறந்தா இருக்கற காத்தும் போயிரும்க்கா.
அடுக்கு ஒசரமா இருக்குது, துணி அதுமேல உக்காந்துக்கும்.
நான் கீழ கெடக்கறேன்.
நீ மெஷினப் பாரு."

போனை வாயில் கவ்விக்கொண்டு
வடிகட்டித் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினேன்.
நுரை.
டீசல் குழாய்க்குள் காற்று.
இத்தனை நாள் இவ்வளவு பெரிய கூரையைத் தாங்கிய அதே சாமான்
கட்டைவிரல் அளவுக்கு
போகக் கூடாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.
சிரிப்பு வந்தது. கெட்ட வார்த்தையும் வந்தது.
கைப்பம்பை அழுத்தினேன், நுரை, நுரை,
இன்னும் நுரை,
பிறகு சுத்தமாய் டீசல்
என் முழங்கை வரைக்கும்.

கால் அங்குலத்தில் விசிறி பிடித்தது.
முழுசாய் எழ விடிந்துவிட்டது.
மாதேசன் மாவுத்தூசி படிந்த தலையோடு வந்தான்.
"மூக்குக்கு மேல ஒரு சாண்தான்க்கா.
மழை ஒவ்வொரு சொட்டா
குத்திக் குத்திப் பேசுச்சு."
என்ன பேசியது என்று நான் கேட்கவில்லை.
பதிவேட்டில் எழுதினேன்:
மின்தடை, ஐம்பத்திரண்டு நிமிடம்.
சேதம், பதினொரு மூட்டை.
யோசித்து, கீழே:
கண்ணாடி ஒன்று.

வீட்டுக்கு வந்து படுத்தேன்.
காங்கிரீட் கூரை, நாலு பக்கமும் சுவர்.
எங்கும் எதுவும் ஓடுகிற சத்தம் இல்லை.
குளிர்ந்துதான் கிடந்தது காலை.
எழுந்து போய்
ஃபேனைப் போட்டுவிட்டு வந்தேன்.