நீர்க்குட்டை எண் ஏழு

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடக்கிறது.
கூட்ஸ் நகர நகர
மேசைமேல் டீ டம்ளரும் தானாக நகர்கிறது.
நான் நெவாடாவுக்கு மேலே நிற்கிறேன்,
ஐந்நூறு அடி உயரத்தில்,
ஒரு பாலைவனத்தை விரல் நுனியால்
இழுத்து இழுத்துப் பார்த்தபடி.

க்ளேட்டனுக்கு ஒரு மான் வேண்டும்.
மான் என்றால் நம் ஊர் மான் இல்லை.
கொம்பின் நடுவில் முன்பக்கமாக ஒரு கிளை.
கவைக்கொம்பன் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன்.
வெருண்டு ஓடினால்
நம் எக்ஸ்பிரஸ் ரயில் பின்னால்தான் வர வேண்டும்.

வேட்டைச் சீட்டு குலுக்கலில் விழ
பதினோரு வருஷம் காத்திருந்தாராம்.
சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது.
வாரிய வீட்டுக் குலுக்கலில்
எங்கள் டோக்கனுக்கு இது பதினான்காம் வருஷம்.
அதை நான் சொல்லவில்லை.
மணிக்கணக்கில் கூலி பேசிய வேலையில்
சொந்தக் கதைக்கு ரேட் கிடையாது.

துப்பாக்கி இல்லை, வில்.
ஆகவே நூறடிக்குள் அது வர வேண்டும்.
மறைய மரம் இல்லை,
முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறச் செடி, அவ்வளவுதான்.
அதன் கண்களோ பக்கவாட்டில் பிதுங்கி
முதுகுக்குப் பின்னாலும் பார்க்கும்.
நெருங்க முடியாது, க்ளேட்டன்.
அதுதான் உங்களை நெருங்க வேண்டும்.
ஆகஸ்டில் அது நெருங்குவது
ஒன்றே ஒன்றைத்தான்.

மூன்று வருஷப் படங்களை
ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.
ஏழு நீலப் புள்ளிகள்.
இரண்டு காய்ந்துவிட்டது.
நான்கு யாரோ பண்ணைக்காரரின் தொட்டி, அனுமதி கேட்க வேண்டும்.
ஏழாவது இருக்கிறது.
எப்படி உறுதியாகச் சொல்கிறாய் என்றார்.
எல்லாத் தடமும் ஓரிடத்தில் வந்து கூடினால்
அங்கே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.
இதை எனக்கு எந்த மேப்பும் சொல்லித்தரவில்லை.

குட்டைக்கு முன்னால் ஒரு கம்பிவேலி.
அவ்வளவு ஓட்டம் ஓடும் மிருகம்
வேலியைத் தாண்டுவதில்லை.
தலையைத் தாழ்த்தி, முன்காலை மடக்கி,
அடிக்கம்பிக்குக் கீழே புகுந்து போகும்.
படித்தபோது நான் சிரித்தேன்.
பிறகு சிரிப்பு நின்றது.

ஏழாம் வகுப்பில்
கேட் திறக்கக் காத்திருந்தால் பிரேயர் போய்விடும்.
நின்றிருக்கும் கூட்ஸுக்கு அடியில்
முதலில் பையைத் தள்ளுவோம்,
பிறகு நாங்கள்.
ஒருநாள் வண்டி அசைந்தது.
ஜெபராணியின் பை மட்டும்
அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

வேலி ஓரமே உட்காரலாமா என்று கேட்டார் க்ளேட்டன்.
குனியும்போது அதற்கு ஓட்டம் கிடையாதே,
அங்கேயே முடித்துவிடலாமே.
சரியாகத்தான் கேட்டார்.
வேட்டைக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்.

வேண்டாம் என்றேன்.
ஏன் என்றார்.
அங்கே காற்று உங்கள் முதுகிலிருந்து அடிக்கும்,
மோப்பம் பிடித்துவிடும்.

காற்றுப் படம் என் முன்னால் திறந்தே இருந்தது.
அம்புக்குறி எல்லாம் அவர் பக்கம்தான் நின்றன.

சரி, குட்டைதான் என்றார்.
குட்டைதான் என்று எழுதினேன்:
பொழுது விடியுமுன் கூடாரத்துக்குள் போய்விடுங்கள்.
முதலில் பெட்டைகள் வரும், குட்டிகளோடு.
அசையாதீர்கள்.
கொம்புள்ளது பெரும்பாலும் கடைசியில் வரும்.
குடிக்கத் தொடங்கியபின்
உங்கள் பாடு, அதன் பாடு.

ஆறரை மணி நேரத்துக்கு பில் அனுப்பிவிட்டு
ஜன்னலைத் திறந்தேன்.
கேட் தூக்கியிருந்தது.
லாரி நிற்கும் மூலையில்
நேற்றிரவே வைத்த குடங்கள்,
பச்சை, நீலம், ஆரஞ்சு,
ஆளில்லாமல் வரிசையில் நிற்கின்றன.
காற்று எந்தப் பக்கமும் இல்லை.