இருபத்தெட்டாம் நாள்

கரண்ட் போனால் யந்திரம் படுத்துவிடும்.
ஜெனரேட்டர் பிரசவ வார்டுக்கு மட்டும்.
ஆகவே ஜன்னலோரப் பழைய நுணுக்குக்காட்டி.
அதன் கண்ணாடியைத் திருப்பி
உட்துறைமுகத்து வெளிச்சத்தை உள்ளே விட்டு
கையால் எண்ணுகிறேன்.

எண்ணும் பெட்டிக்கு ஐந்து விசை.
பெருவிரலுக்கு நியூட்ரோபில்,
சுட்டுவிரலுக்கு லிம்போசைட்.
எப்போதாவது வரும் பேசோபிலுக்காகக் காத்திருந்தே
சின்னவிரல் மரத்துப்போகும்.
நூறு சேர்ந்தால் மணி அடிக்கும்.
ஒவ்வொரு மணிக்கும் பக்கத்து மேசை ஜெஸூலா
"ஐஸ்பழக்காரன் வந்திட்டான்" என்பாள்.

தடுப்பூசிக்கு முன் ஒரு குழாய்,
மூன்றாம் நாள் ஒன்று,
இருபத்தெட்டாம் நாள் ஒன்று.
கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி:
இருநூற்றுப் பத்துப் பேர்.
ஊதா மூடியின் கீழ் பெயரில்லை, இலக்கம்தான்.
ஆனாலும் செம்மஞ்சள் மணிகள் நிறைந்த
இயோசினோபில் காட்டிக்கொடுத்துவிடும்
யார் வெறுங்காலோடு வயலில் நின்றவரென்று.

படிவம் அதற்கு நட்சத்திரக் குறி போடும்.
அளவுக்கு மேலாம்.
யாருடைய அளவு?
பனி பெய்யும் ஏதோவோர் ஊரில்
சப்பாத்துக் காலோடு வரிசையில் நின்றவர்கள்
கொடுத்துவிட்டுப் போன அளவு.
முதல் கிழமை நட்சத்திரங்களை எண்ணினேன்.
நூற்று நாற்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.
இத்தனை பேரும் பிசகென்றால்
படிவம்தான் நோயாளி.

மூன்றாம் நாள் லிம்போசைட் இறங்கும்.
முப்பத்துநாலு இருபத்திரண்டாகும்.
ஊசி தின்றுவிட்டதோ என்று முதலில் திக்கென்றது.
இல்லை.
கக்கத்துக் கணுக்களுக்குள் போய்
வந்த அந்நியனின் முகத்தைப்
பாடமாக்கிக்கொண்டிருக்கின்றன.
இரத்தத்தில் காணவில்லை, அவ்வளவுதான்.

காணவில்லை என்ற சொல்லை
இந்த ஊரில் அவ்வளவுதான் என்று முடிக்க
எனக்கு இன்னும் நா வருவதில்லை.

நூற்றுப் பதினேழு
இருபத்தெட்டாம் நாள் வரவில்லை.
இருபத்தொன்பது. முப்பது.
கொழும்பிலிருந்து போன்: "விலகினார் எண்டு போடுங்கோ."
விதியில் மூன்று நாள் சலுகை உண்டு, சேர்,
என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

முப்பத்தோராம் நாள் விடிய
கொட்பே துறைமுகத்தில் பலநாள் படகு.
சூரை மீன்களை எறிந்துகொண்டிருந்தவர்
என் ஐஸ் பெட்டியைப் பார்த்தார்,
தன் ஐஸைப் பார்த்தார்,
"உங்கட காணாது" என்று சிரித்தார்.
செதில் ஒட்டிய கை.
இரண்டு தரம் ஸ்பிரிட் தேய்த்தேன்.
"இஞ்ச பாருங்கோ தளமெல்லாம் ரத்தம்,
இதுக்கு மட்டும் என்னத்துக்குக் குழாய்?"
பதில் யோசிப்பதற்குள் நிரம்பிவிட்டது.
படகிலிருந்து யாரோ அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.
இலக்கங்களோடு வேலை செய்பவள்,
கேட்காத மாதிரி மூடியை இறுக்கினேன்.

மத்தியானம் மறுபடி கரண்ட் இல்லை.
சுட்டுவிரல் ஓடியது:
இருபது, இருபத்தைந்து, முப்பத்தாறு.
போனதை விடக் கூட.
இயோசினோபில் பதினொன்று, வழமைபோல.
மணி அடித்தது.
ஜெஸூலா சாப்பிடப் போயிருந்தாள்.

நட்சத்திரத்தை அழிக்க எனக்கு அதிகாரமில்லை.
பென்சிலால், பக்கத்தில், சின்னதாய் எழுதினேன்:
வந்தார்.
அதற்கென்று ஒரு விசை
இந்தப் பெட்டியில் இல்லை.